ஆர்க்டிக்கில் ஜியாலஜிஸ்ட்: எண்ணெய்த் தேடலா, களப்பணியா? நான்கு பாதைகளின் ஒப்பீடு

எம்.எஸ்சி. ஜியாலஜி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும், சுரங்கத்திலோ நிலத்தடி நீர்த் திட்டத்திலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு வேறு திசை தேடுபவர்களும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். துருவப் பகுதியில் வேலை செய்ய ஆசை. எண்ணெய் நிறுவனம் வழியாகப் போவதா, ஆராய்ச்சி வழியாகப் போவதா?

கேள்வியை இப்படியே வைத்துக்கொண்டால் முடிவு தவறாகப் போக வாய்ப்பு அதிகம். ஆர்க்டிக் எண்ணெய்த் தேடலில் இருக்கும் ஜியாலஜிஸ்ட் ஆண்டின் பெரும்பகுதியை நார்வேயின் ஸ்டாவங்கரிலோ அலாஸ்காவின் ஆங்கரேஜிலோ அலுவலகத்தில், கணினித் திரைக்கு முன்னால்தான் கழிக்கிறார். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் கூடாரம் போட்டுப் பாறை அளப்பவரின் ஹெலிகாப்டர் செலவையோ பல நேரம் எண்ணெய் நிறுவனமே தருகிறது. ஸ்வால்பார்டின் வான் கூலன்ஃபியோர்டு மலைச்சரிவுகளில் ஈயோசீன் காலக் கடல்விளிம்புப் படிவுகள் கிலோமீட்டர் கணக்கில், சீஸ்மிக் படத்தில் (அதிர்வலைகளின் எதிரொலியால் நிலத்தடியைக் காட்டும் படத்தில்) தெரியும் அதே அளவில் வெளியே தெரிகின்றன. அதைப் படிக்க எண்ணெய்ப் பணம் ஆண்டுக்கணக்கில் வந்தது. இரண்டு வேலைகளும் ஒரே பாறையின் இரு பக்கங்களில் நடக்கின்றன.

ஆகவே கேட்க வேண்டியது இது: ஆண்டுக்கு எத்தனை நாள் பாறையைத் தொடப்போகிறேன், அந்த நாட்களுக்கு யார் பணம் தருகிறார், அந்தப் பணம் எதனால் நின்றுபோகும்?

## எதை வைத்து எடைபோடுவது

சம்பளத்தை முதலில் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கல்விக்கடன் இருப்பவர் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் இந்தத் துறையில் அதற்கு இணையாக ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன.

முதலாவது, களநாட்கள். இரண்டாவது, பணத்தின் ஊற்று. எண்ணெய் விலையா, அரசு வரவுசெலவா, மூன்றாண்டு ஆராய்ச்சி நிதியா? மூன்றாவது, அரசியல் கதவு. ஆர்க்டிக்கில் ஒரு நாட்டின் ஒற்றை முடிவு ஒரு துறையையே மூடிவிடும். கனடா 2016 டிசம்பரில் தன் ஆர்க்டிக் கடலில் புதிய எண்ணெய் உரிமங்களை நிறுத்தியது. கிரீன்லாந்து 2021-இல் புதிய தேடல் உரிமங்களை நிறுத்தியது. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில் 2025 ஜனவரியில் நடந்த குத்தகை ஏலத்தில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. நான்காவது, கற்றது வேறிடத்தில் செல்லுமா என்பது. ஐந்தாவது, உடலும் குடும்பமும். இந்தக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியுமா என்பதை இந்திய, இலங்கை வாசகர்கள் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

| | எண்ணெய்த் தேடல் பிரிவு | கிணற்றடி வேலை | அரசு நிலவியல் ஆய்வு | பல்கலைக்கழகம் |
|---|---|---|---|---|
| பாறையோடு நேரடித் தொடர்பு | ஆண்டுக்குச் சில நாள் களப்பயணம், கோர் (கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறை) பார்வை | தினமும், துகள் வடிவில் | கோடையில் சில வாரம், தொடர்ந்து | கோடையில் சில வாரம். ஸ்வால்பார்டில் வசந்தகாலமும் |
| பணத்தின் ஊற்று | எண்ணெய் விலை, உரிமச் சுற்று (அரசு தேடல் உரிமம் வழங்கும் சுற்று) | துளையிடும் ரிக்குகளின் எண்ணிக்கை | அரசு, திட்ட நிதி | ஆராய்ச்சி மானியம், சில நேரம் எண்ணெய்ப் பணம் |
| வருமானம் | நான்கில் நிலையாக உயர்ந்தது | நல்ல காலத்தில் மிக அதிகம், மோசமான காலத்தில் சுழியம் | நடுத்தரம், சீரானது | பிஎச்.டி. காலத்தில் போதுமானது, பிறகு நிச்சயமில்லை |
| மறைமுக விலை | எழுதியது வெளியே வராது | தூக்கம், குடும்ப நாட்கள் | கோடை முழுதும் வீட்டில் இல்லை | நாற்பது வயதுவரை தற்காலிகப் பணி |
| வெளிநாட்டவருக்கு வாய்ப்பு | நார்வேயில் உண்டு, அமெரிக்காவில் விசாச் சிக்கல் | ஒப்பந்த நிறுவனம் வழியே உண்டு | டென்மார்க்கில் உண்டு. அமெரிக்கா, கனடாவில் கடினம் | நான்கில் மிக எளிது |

## எண்ணெய் நிறுவனத்தின் தேடல் பிரிவு

இங்கே அன்றாட வேலை சீஸ்மிக் படத்தில் அடுக்குகளைத் தொடர்ந்து கோடிடுவது, பக்கத்துக் கிணறுகளின் பதிவுகளோடு அவற்றைப் பொருத்துவது, ஓர் இலக்கை வரைந்து அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கலாம், இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணில் சொல்வது. மூலப்பாறை (எண்ணெய் உருவாகும் பாறை), தேக்கப்பாறை (அது தேங்கும் நுண்துளைப் பாறை), பொறியமைப்பு (அதைப் பிடித்துவைக்கும் வடிவம்), மூடுபாறை (மேலே கசியாமல் தடுக்கும் பாறை) நான்குக்கும் தனித்தனி நிகழ்தகவு போட்டுப் பெருக்குவார்கள். 0.8, 0.7, 0.6, 0.7 என்று வைத்தால் பெருக்குத்தொகை ஏறத்தாழ 0.24. ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் நான்கும் சேரும்போது கிணறு வறண்டுபோக நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கோடு மனம் ஒத்துப்போகாதவர் இந்த வேலையில் நிம்மதியாக இருக்க முடியாது.

ஆர்க்டிக்கில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலை எடுத்துக்கொள்வோம். அங்கே சீனோசோயிக் காலத்தில் (கடந்த 6.6 கோடி ஆண்டுகளில்) நிலம் உயர்ந்து, கடைசியாகப் பனியாறுகளும் சுரண்ட, இடத்துக்கு இடம் மாறுபட்டு 1 முதல் 3 கிலோமீட்டர்வரை மேலடுக்கு அரிக்கப்பட்டுவிட்டது. இதனால் ஒரே நேரத்தில் நான்கு கேடுகள் நேர்கின்றன. மூலப்பாறை குளிர்ந்து எண்ணெய் உருவாவது நின்றுவிடுகிறது. அழுத்தம் குறைந்ததும் வாயு விரிந்து, பொறியில் இருந்த எண்ணெயை விளிம்புக்கு வெளியே தள்ளுகிறது. மூடுபாறையில் விரிசல் விழுகிறது. இன்று 1,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணற்கல் ஒரு காலத்தில் 3,000 மீட்டரில் கிடந்திருந்தால் குவார்ட்ஸ் பூச்சு அப்போதே நுண்துளைகளை அடைத்திருக்கும். இன்றைய ஆழத்தைப் பார்த்து நுண்துளை அளவைக் கணித்தால் தவறும். 2017-இல் துளைக்கப்பட்ட கோர்ப்ஃபியெல் கிணறு, 2010-இல் நார்வேயும் ரஷ்யாவும் எல்லை ஒப்பந்தம் செய்த பிறகு திறந்த தென்கிழக்குப் பகுதியின் பெரும் எதிர்பார்ப்பாக இருந்தது. கிடைத்தது வணிகத்துக்கு உதவாத சிறு வாயுப் படிவு.

அலாஸ்காவின் மக்லக் கிணறு இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம். 1983-இல் போஃபோர்ட் கடலில் சரளைக்கல் தீவு அமைத்துத் துளைத்தார்கள். கடற்பரப்புக் குத்தகைகளுக்கும் கிணற்றுக்கும் சேர்த்து நிறுவனங்கள் 100 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்தன. பாறையில் எண்ணெய்க் கறை இருந்தது, எண்ணெய் இல்லை. ஒரு காலத்தில் நிறைந்திருந்த எண்ணெய் பின்னர் வேறிடம் நகர்ந்துவிட்டிருந்தது. அலாஸ்காவுக்கு வடமேற்கே உள்ள சுக்சி கடலில் ஷெல் நிறுவனம் சுமார் 700 கோடி டாலர் செலவிட்டு, 2015-இல் ஒரு கிணற்றின் முடிவைப் பார்த்ததும் வெளியேறியது. கிணறு வறண்டதோடு கதை முடிவதில்லை. அதை நம்பி அமைத்த குழுக்களும் கலைக்கப்படுகின்றன.

வெற்றிகளும் இருக்கின்றன. அலாஸ்காவின் பிரட்ஹோ பே வயல் 1968-இல் உறுதியானது; 1977-இல் குழாய்வழி எண்ணெய் தெற்கே ஓடியது. பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் வாயு வயல் 1984-இல் கண்டறியப்பட்டு 2007-இல்தான் உற்பத்திக்கு வந்தது. அதே கடலின் யோஹான் காஸ்ட்பெர்க் எண்ணெய் வயல் 2011-இல் கண்டறியப்பட்டு 2025 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. இந்த இடைவெளிகளைக் கவனியுங்கள். 25 வயதில் நீங்கள் வரைந்த இலக்கு பலித்தாலும், அதிலிருந்து எண்ணெய் வரும்போது உங்களுக்கு நாற்பது வயது ஆகியிருக்கும். அதற்குள் இரண்டு ஆட்குறைப்புகள் வந்து போயிருக்கும். 2014 நடுவில் 110 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய் விலை 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. தேடல் பிரிவுகள்தான் முதலில் சுருக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் வயலை யாரும் மூடமாட்டார்கள், தேடலை ஒத்திப்போடுவது எளிது.

வெளியில் தெரியாத விலை ஒன்று உண்டு. உங்கள் மிகச் சிறந்த வேலை ரகசிய அறிக்கையாக நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கும். பத்து ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால் காட்ட வெளியீடுகள் இருக்காது.

இந்தப் பாதை யாருக்குப் பொருந்தும்? முழுமையற்ற தரவிலிருந்து ஒரு முடிவைச் சொல்லி, அது தவறினால் ஏன் தவறியது என்று பதற்றமின்றி ஆராயத் தெரிந்தவருக்கு. நகர வாழ்க்கை, குழந்தைகளின் பள்ளி, உயர்ந்த வருமானம் வேண்டும் என்பவருக்கும் நான்கில் இதுவே ஏற்றது. களத்தில் இருப்பதற்காகவே ஜியாலஜி எடுத்தவர் இதில் வாடிப்போவார்.

## கிணற்றடி வேலை: மட் லாக்கரும் வெல்சைட் ஜியாலஜிஸ்டும்

மட் லாக்கர் துளைச்சேற்றில் வரும் பாறைத்துகள்களைப் பதிவுசெய்பவர்; வெல்சைட் ஜியாலஜிஸ்ட் எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் ரிக்கில் இருப்பவர். இதைத் தாழ்வாக நினைப்பது பெரிய தவறு. பாறை விளக்கத்தில் கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

துளைக்கும் பிட் உடைத்த துகள்கள் துளைச்சேற்றோடு (துளைக்குள் சுற்றவிடும் திரவத்தோடு) மேலே வரும். குறிப்பிட்ட இடைவெளியில், வழக்கமாக 5 அல்லது 10 மீட்டருக்கு ஒன்று, முக்கிய அடுக்கில் 3 மீட்டருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்து, சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து விவரிக்க வேண்டும். இதில் உயிர்நாடி, துகள் மேலே வந்துசேர ஆகும் தாமதத்தின் கணக்கு. 8½ அங்குலத் துளைக்குள் 5 அங்குலக் குழாய் இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு மீட்டருக்குச் சுமார் 24 லிட்டர். 3,000 மீட்டருக்கு 72,000 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் தள்ளினால் துகள் மேலே வர 36 நிமிடம். கடலில் ரைசரின் (கடலடியையும் ரிக்கையும் இணைக்கும் குழாயின்) அகலத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். மணிக்கு 20 மீட்டர் வேகத்தில் துளைத்தால், நீங்கள் தேக்கப்பாறையின் முதல் துகளைப் பார்க்கும்போது பிட் அதைத் தாண்டி 12 மீட்டர் போயிருக்கும். கோர் எடுக்கும் இடத்தையும் கேசிங் (துளையின் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) இறக்கும் ஆழத்தையும் தீர்மானிக்கும்போது இந்த 12 மீட்டருக்குக் கோடிக்கணக்கில் விலை இருக்கிறது. அதனால்தான் துளைப்பு வேகம் திடீரென்று கூடியதும் துளைப்பை நிறுத்தி, அடிச்சேறு மேலே வரும்வரை சுற்றவிடுகிறார்கள்.

தவறுகள் எங்கே வரும்? துளையின் சுவர் இடிந்து அகன்றிருந்தால் தாமதம் கணக்கைவிடக் கூடும், எல்லா மாதிரிகளும் தவறான ஆழத்தில் பதிவாகும். கார்பைடு பொட்டலம் இறக்கி அசிட்டிலீன் திரும்பும் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்வார்கள். பிடிசி பிட் (செயற்கை வைரப் பற்கள் கொண்ட துளைப்பான்) மணற்கல்லை மாவாக அரைத்துவிடும், அப்போது துகள்களின் அமைப்பு தெரியாது. புற ஊதா விளக்கில் கால்சைட்டும் ஒளிரும், எண்ணெயும் ஒளிரும். கரைப்பான் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் எண்ணெய் கசிந்து பரவும், கால்சைட் பரவாது. எண்ணெய் கலந்த துளைச்சேறு என்றால் எல்லாமே ஒளிரும், ஆகவே வெறும் சேற்று மாதிரியைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதிகமாகக் கழுவினால் மென்களிமண் போய்விடும்; அறிக்கையில் மணற்கல் உண்மையைவிடத் தூய்மையாகத் தெரியும்.

நார்வே கடற்பகுதியில் பணிச்சுற்று இரண்டு வாரம் வேலை, நான்கு வாரம் விடுப்பு. மற்ற பல நாடுகளில் 28 நாளுக்கு 28 நாள். நாளுக்கு 12 மணி நேர வேலை, பாதி நேரம் இரவுப்பணி. கடலில் இறங்குமுன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம்; தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டர் மாதிரியிலிருந்து வெளியேறும் பயிற்சியும் அதில் அடக்கம். தண்ணீரைக் கண்டு அஞ்சுபவர் அந்தப் பயிற்சியை முதலில் முடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வேலையைப் பற்றி யோசிப்பது நல்லது.

அலாஸ்காவின் வடசரிவில் நிலத்தில் நடக்கும் தேடல் துளைப்பு குளிர்காலத்துக்குரியது. 30 செ.மீ. ஆழத்தில் மண் மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கி, கடலோரத் துந்திரத்தில் (மரமற்ற உறைநிலத்தில்) 15 செ.மீ. பனி விழுந்த பிறகுதான் அரசு வாகனங்களை அனுமதிக்கும். பனிச்சாலை போட்டு, துளைத்து, வசந்தத்தில் அது உருகுமுன் ரிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சாலை தாமதமானால் கிணறு அடுத்த ஆண்டுக்குப் போகும். நாட்கூலியில் இருக்கும் ஒப்பந்த ஜியாலஜிஸ்ட்டுக்கு அந்த ஆண்டு வருமானமே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. துளைப்புத் தரவு நேரடியாகக் கரைக்கு வரத் தொடங்கியபின், ரிக்கில் செய்த வேலையின் ஒரு பகுதி கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு மாறிவிட்டது. ஆகவே இதை மூன்று நான்கு ஆண்டுப் பயிற்சிக்களமாக எடுத்துக்கொள்வது நல்லது. பதினைந்து ஆண்டுத் திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

## அரசு நிலவியல் ஆய்வு நிறுவனம்

டென்மார்க்–கிரீன்லாந்துக்கான ஆய்வு நிறுவனமான ஜியஸ் கோப்பன்ஹேகனில் இருக்கிறது. நார்வே துருவக் கழகம் டிரோம்சோவில் இருந்து ஸ்வால்பார்டின் 1:1,00,000 வரைபடங்களை வெளியிடுகிறது. கனடா நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1958 முதல் இயங்கும் துருவக் கண்டத்திட்டுத் திட்டம் ரெசலூட் தளத்திலிருந்து விமானமும் எரிபொருளும் கூடாரமும் ஏற்பாடு செய்கிறது. களப்பணி என்று நம் மனத்தில் இருக்கும் படத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

பனியில்லாத காலம் ஜூலையும் ஆகஸ்ட் முற்பாதியும். அந்த ஆறேழு வாரத்துக்கான வேலை முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். ஹெலிகாப்டர் எரிபொருளை 200 லிட்டர் பீப்பாய்களில் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். சிறிய ஹெலிகாப்டருக்கு ஒரு பீப்பாய் சுமார் ஒரு மணி நேரப் பறப்புக்குத்தான் வரும். கனடாவின் நுனாவுட்டில் ஆராய்ச்சி உரிமமும் நிலப்பயன்பாட்டு அனுமதியும் உள்ளூர் இனுயிட் சமூகத்தின் கருத்துக்கேட்பும் முடிய மாதங்கள் ஆகும். ஸ்வால்பார்டின் நிலப்பரப்பில் சுமார் 65 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பகுதி; அங்கே மாதிரி எடுக்க ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இவற்றில் ஒரு தாள் தவறினாலும் அந்தக் கோடை போய்விட்டது, அடுத்த ஜூலைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

களத்தில் மாதிரி எடுப்பதும் எளிதன்று. மூலப்பாறைக்கான களிப்பாறையின் மேற்பரப்பு காற்றுபட்டுச் சிதைந்திருக்கும். அதை அப்படியே எடுத்தால் கரிமக் கார்பன் குறைவாகவும், பைராலிசிஸ் (பாறையைச் சூடாக்கிப் பார்க்கும் சோதனை) எண்கள் மோசமாகவும் வரும். நல்ல மூலப்பாறையை உதவாதது என்று எழுதிவிடுவோம். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதுப்பாறையை எடுக்க வேண்டும். நிலம் எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிட உதவும் அபடைட் பிளவுத்தட ஆய்வுக்கு 3 முதல் 5 கிலோ மணற்கல் தேவை. பத்து இடத்தில் எடுத்தால் அரை மூட்டைக் கல்லைத் தோளில் சுமந்து இறங்குவதாகும். முந்தைய பகுதியில் சொன்ன பேரன்ட்ஸ் கடல் அரிப்புக் கணக்கு இந்த மூட்டைகளிலிருந்து வருகிறது. எண்ணெய் நிறுவனங்கள் இந்தக் களப்பணியை மதிப்பதற்கு அதுவே காரணம்.

கனடாவின் உயர் ஆர்க்டிக்கில் காந்தப்புலம் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் திசைகாட்டியின் ஊசி சோம்பலாகத் திரியும். சாய்வை அளக்கலாம், படுகைத்திசையை (அடுக்கு ஓடும் திசையை) நம்ப முடியாது. ஜிபிஎஸ் புள்ளிகளையும் வான்படங்களையும் வைத்துத்தான் திசை எடுக்க வேண்டும். குளிரில் பேனா மை நிற்கும், பென்சில் எழுதும். லித்தியம் மின்கலங்களை உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். மூடுபனி ஒரு வாரம் இறங்கினால் ஹெலிகாப்டர் வராது. அதற்கான உணவு கையில் இருக்க வேண்டும்.

பனிக்கரடி பற்றிய எச்சரிக்கை அலங்காரப் பேச்சு அன்று. சமையல் கூடாரமும் படுக்கும் கூடாரமும் தள்ளித் தள்ளி இருக்கும். சுற்றிலும் இடறுகம்பி கட்டி, இடறினால் வெடிக்கும் ஒளிக்குண்டு பொருத்துவார்கள். இரவு முறைவைத்துக் காவல்; கோடையில் சூரியன் மறைவதில்லை என்பதால் பார்வை கிடைக்கும், ஆனால் தூக்கம் கெடும். முதல் கருவி ஒளிக்குண்டுத் துப்பாக்கி, ரைஃபிள் கடைசி. 2025 முதல் ஸ்வால்பார்டில் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடியும்வரை 500 மீட்டர்.

எஞ்சிய பத்து மாதம் அலுவலகமும் ஆய்வகமும் வரைபடமும்தான். பணம் சீரானது என்றேன். ஆனால் களப்பணிக்கான பணம் திட்டம் திட்டமாக வரும். கனடாவின் வடபகுதி வரைபடத் திட்டம் 2008-இல் தொடங்கி 2020-இல் முடிந்தது. திட்டம் முடிந்தால் வேலை இருக்கும், ஹெலிகாப்டர் இருக்காது. குடியுரிமைச் சிக்கல் இங்கேதான் மிகக் கடினம்: அமெரிக்கக் கூட்டாட்சிப் பணியிடங்கள் பெரும்பாலும் குடிமக்களுக்கு, கனடாவில் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் முன்னுரிமை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஜியஸ் போன்ற இடமும், கனடாவில் குடியேறிய பிறகு அங்குள்ள பணியும் நடைமுறைச் சாத்தியங்கள்.

## பல்கலைக்கழகம், பிஎச்.டி.

நம் ஊரிலிருந்து கிளம்புபவருக்குத் திறந்திருக்கும் அகலமான வாசல் இது. நார்வேயில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் பெறும் ஊழியர்: மூன்று ஆண்டு, கற்பித்தல் பணியும் சேர்ந்தால் நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் குரோனருக்கு மேல். ஸ்வால்பார்டின் லாங்யியர்பியனில் 78 டிகிரி வடக்கில் இயங்கும் யூனிஸ் பல்கலைக்கழக மையம் 1993-இல் தொடங்கியது. களத்துக்குப் போகுமுன் ரைஃபிள், பனிவண்டி, பனிப்பிளவு மீட்பு, அவசர முகாம் எல்லாவற்றிலும் பயிற்சி தருகிறார்கள். வெடியறைக்குள் குண்டு இல்லாமல், மேகசினில் மட்டும் குண்டோடு ரைஃபிளைச் சுமக்கும் ஒழுங்கு முதல் நாளே மனத்தில் ஏற்றப்படும்.

யூனிஸின் தனிச்சிறப்பு, பாறை கதவுக்கு வெளியே இருப்பது. ஃபெஸ்ட்னிங்கன் கடற்கரையில் கார்பனிஃபெரஸ் காலம் முதல் பேலியோஜீன் காலம்வரையிலான அடுக்குகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கின்றன. கரையோரம் நடந்தால் பேரன்ட்ஸ் கடலடியில் கிணறுகள் தொடும் வரிசையைக் காலால் அளக்கலாம். எட்ஜோயா தீவின் டிரையாசிக் காலப் பாறைகளும் போட்னஹேயா களிப்பாறையும் அந்தக் கடலின் தேக்கப்பாறைக்கும் மூலப்பாறைக்கும் வெளியில் தெரியும் சகோதரர்கள். அதனால் இங்கே பிஎச்.டி. செய்தவரைத் தேடல் பிரிவு வரவேற்கும்.

மறைமுக விலைகளைக் கவனமாகப் படியுங்கள். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்பது உண்மை. ஆனால் நார்வே பெருநிலம் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு இருமுறை நுழையும் ஷெங்கன் விசா தேவை, இல்லையேல் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஸ்வால்பார்டில் வாழ்ந்த காலம் நார்வேயின் நிரந்தரக் குடியிருப்புக்குக் கணக்கில் வராது. வீடு பெரும்பாலும் வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் போகும். பிரசவத்துக்குப் பெருநிலத்துக்குத்தான் போக வேண்டும். குடும்பத்தோடு கிளம்புபவர் டிரோம்சோ, பெர்கன், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, களத்துக்கு மட்டும் ஸ்வால்பார்ட் போவது நல்லது.

பிஎச்.டி. முடிந்த பிறகுதான் சோதனை. இரண்டாண்டு, இரண்டாண்டாகப் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு) பணி, ஒவ்வொன்றும் வேறு நாட்டில். நிதியின் திசையும் மாறிவிட்டது. டிரோம்சோவில் ஆர்க்டிக் பெட்ரோலியத் தேடலுக்கென்று இயங்கிய ஆர்செக்ஸ் மையத்தின் காலம் முடிந்துவிட்டது. இன்று பணம் பனியாறு, மீத்தேன், கார்பன் சுழற்சி பக்கம் போகிறது. ஆய்வுத் தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது படிவுப்பாறை, உயர்வு–அரிப்பு, மூடுபாறை போன்ற இருபக்கமும் செல்லும் பொருளைப் பிடிப்பது புத்திசாலித்தனம்.

## இந்தியாவிலிருந்தே ஆர்க்டிக்

கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் ஸ்வால்பார்டின் நி-ஓலெசுனில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையத்தை நடத்துகிறது. பல்கலைக்கழகக் குழுக்கள் திட்டம் எழுதி அனுப்பலாம். தங்கும் காலம் குறைவு. பொருள் பெரும்பாலும் பனியாறு, ஃபியோர்டு வண்டல், காலநிலை. நி-ஓலெசுன் வானொலி அமைதி மண்டலம் என்பதால் வைஃபையும் புளூடூத்தும் அணைக்கப்பட வேண்டும். கம்பியில்லா உணரி கொண்ட கருவியை முன்அனுமதியின்றிக் கொண்டுபோனால் பெட்டியிலேயே கிடக்கும்.

எண்ணெய்ப் பக்கம் இந்திய அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுப் பிரிவு ஓஎன்ஜிசி விதேஷுக்கு, ரஷ்யாவில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள வான்கோர் வயலில் 26 சதவீதப் பங்கு உண்டு. வயலை இயக்குவது ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெஃப்ட். பங்கு இருப்பதால் இந்திய ஜியாலஜிஸ்ட்டுகளுக்கு அங்கே நிறைய இடம் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஓஎன்ஜிசியில் சேர்வது நல்ல வேலை. ஆர்க்டிக்குக்கான வழியாக அதை எண்ணுவது சரியில்லை.

## ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது

என் பரிந்துரையின் அடிப்படை இந்தப் பகுதிதான். கதவுகள் இரு பக்கமும் ஒரே மாதிரி திறப்பதில்லை. களத்திலிருந்து எண்ணெய்க்கு மாறலாம். விலை உயர்ந்திருக்கும் ஆண்டில் எளிது. எண்ணெயிலிருந்து ஆராய்ச்சிக்கு மாறுவது வெளியீடு இல்லாததால் கடினம். கிணற்றடியிலிருந்து தேடல் அலுவலகத்துக்கு முதல் சில ஆண்டுகளில் மாறலாம். அதற்குப் பின் ‘ரிக் ஆள்’ என்ற முத்திரை விழுந்துவிடும். ஆகவே கையில் பண நெருக்கடி இல்லாதவர் களத்தோடு கூடிய முதுகலையையோ பிஎச்.டி.யையோ முதலில் முடித்துவிட்டு எண்ணெயைப் பற்றி யோசிக்கட்டும். வரிசை மாறினால் திரும்பி வருவது அரிது.

இன்னொரு கதவு இப்போது திறந்திருக்கிறது: கார்பன் டை ஆக்சைடைப் பாறைக்குள் சேமிப்பது. ஸ்னோவிட்டில் 2008 முதல் செலுத்துகிறார்கள். முதலில் டுபோவன் அடுக்கில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏற, 2011-இல் மேலேயுள்ள ஸ்டோ அடுக்குக்கு மாற்றினார்கள். ஆற்றுவாய்க்கால் மணற்கற்கள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனிப் பைகளாக இருந்ததை முன்கூட்டியே உணர்வது களத்தில் அத்தகைய வாய்க்கால்களை நடந்து பார்த்தவருக்கே எளிது. எண்ணெயில் மனம் ஒப்பாதவருக்கும், எண்ணெயில் வேலை இழந்தவருக்கும் இது உண்மையான மாற்று.

மனம் ஒப்புவது பற்றி நேராகச் சொல்ல வேண்டும். உருகும் ஆர்க்டிக்கில் இன்னும் எண்ணெய் தேடுவது சரியா என்ற கேள்வி உங்களுக்குள் இருந்தால், சம்பளம் அதை அடக்கிவிடும் என்று நம்பிச் சேராதீர்கள். அந்தக் கேள்வி உள்ளவர்கள் ஐந்தாறு ஆண்டில் வெளியேறுகிறார்கள், அதுவும் மாறுவதற்கு வசதியில்லாத கட்டத்தில்.

## யாருக்கு எது

- கல்விக்கடன் இருக்கிறது, குடும்பம் உங்கள் வருமானத்தை நம்பியிருக்கிறது: கிணற்றடி வேலை, மூன்றாண்டு எல்லையோடு. முதல் நாளிலிருந்தே சேமிப்பு; ரிக்குகள் குறையும் ஆண்டு கட்டாயம் வரும்.
- முதல் வகுப்பு மதிப்பெண், ஆங்கிலத்தில் எழுதும் திறன், பொறுமை: நார்வே அல்லது டென்மார்க்கில் சம்பளத்துடன் பிஎச்.டி.
- சீஸ்மிக்கும் நிரலெழுத்தும் பிடிக்கும், குடும்பத்தோடு ஒரே ஊரில் இருக்க வேண்டும்: தேடல் பிரிவு. ஆனால் ஒரே படுகையில் மட்டும் நிபுணராகிவிடாதீர்கள். அந்தப் படுகையின் உரிமச் சுற்று நின்றால் நீங்களும் நிற்பீர்கள்.
- கனடாவில் ஏற்கெனவே குடியிருப்பு உரிமை உண்டு, கோடையை வெளியில் கழிக்க வீட்டில் சம்மதம்: அரசு ஆய்வு நிறுவனம், தொழில்முறை ஜியாலஜிஸ்ட் பதிவோடு.
- குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் உடல்வாகு, தூக்கக் கோளாறு, மூட்டு வலி: களப்பாதைகளுக்கு முன் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மறைத்துப் போனால் கூடாரத்தில் உங்களோடு இருப்பவருக்கும் ஆபத்து.

## கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

எந்தப் பாதையானாலும் நேர்காணலில் கேட்கத் தயங்க வேண்டாம். சென்ற ஆண்டு இதே பதவியில் இருந்தவர் எத்தனை நாள் களத்தில் இருந்தார்? அதற்குப் பணம் எந்தத் திட்டத்திலிருந்து வந்தது, அது எந்த ஆண்டு முடிகிறது? தேடல் பிரிவு என்றால்: கையில் உள்ள உரிமங்களில் ‘துளை அல்லது விட்டுவிடு’ என்ற முடிவு எப்போது வருகிறது? அந்தத் தேதிக்குப் பிறகு குழுவின் அளவு மாறலாம். ஆராய்ச்சி என்றால்: மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்கும் பணம் நிதியில் இருக்கிறதா, ஹெலிகாப்டர் செலவோடு தீர்ந்துவிடுகிறதா? மாதிரிகள் பெட்டியில் கிடந்து மூன்றாண்டும் முடிந்துபோன ஆய்வுகள் இத்துறையில் நிறைய. கிணற்றடி வேலை என்றால்: ரிக் காத்திருக்கும் நாட்களுக்குக் கூலி உண்டா, பயண நாட்கள் யார் கணக்கில்? வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.